கார்பன் ஃபெல்ட்: பாய்வு மின்கலத்துக்குள் எலக்ட்ரான் கைமாறும் இடம்

வனேடியம் பாய்வு மின்கலம், தொட்டிகளில் உள்ள திரவத்தைப் பம்ப் வைத்துச் செல்கள் வழியே ஓடவிட்டு மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலம். அதன் ஒரு செல்லைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பவை மிகக் கொஞ்சம். நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று. அதன் இரு பக்கமும் கன்னங்கரேலென்று, விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் கார்பன் ஃபெல்ட், அதாவது கரி இழைகளைச் சிக்க வைத்துச் செய்த விரிப்பு. செல்லின் மின்முனை இதுதான். நான்கைந்து மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதற்கும் வெளியே, கிராஃபைட்டும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த கெட்டித் தகடு. வேதிவினை நடப்பது அந்த ஃபெல்ட்டின் இழைகள் மேல்தான். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, பம்ப் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரி, ஒவ்வொரு எலக்ட்ரானும் அந்தக் கரி இழையின் மேற்பரப்பைக் கடந்துதான் வெளியே வந்தாக வேண்டும்.

இந்த ஃபெல்ட்டுக்குப் பதிலாக வேறொன்றை வைக்க முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முயற்சிகள் நடக்கின்றன. கிராஃபீன், கார்பன் நானோகுழாய், நைட்ரஜன் ஏற்றிய கார்பன், உலோக ஆக்சைடு பூச்சு என்று பட்டியல் நீள்கிறது. ஆனாலும் பெரிய நிலையங்களில் ஓடும் மின்கலங்களில் இன்றைக்கும் இருப்பது பெரும்பாலும் அதே ஃபெல்ட்தான், கொஞ்சம் பக்குவப்படுத்தப்பட்ட வடிவில். இதற்குக் காரணம் தொழில்துறையின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. இந்த மின்முனை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: எலக்ட்ரானுக்குப் பரப்பு தருகிறது, திரவத்துக்கு வழி விடுகிறது. முதல் வேலையை மட்டும் கவனித்து உருவான பொருள்கள் பல, இரண்டாவதில் சறுக்கிவிடுகின்றன.

லித்தியம் அயனி மின்கலத்தில் மின்முனைக்குள்ளேயே ஆற்றல் சேமிக்கப்படுகிறது. லித்தியம் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகிறது. பாய்வு மின்கலத்தில் அப்படி இல்லை. ஆற்றல் இருப்பது தொட்டிகளில் உள்ள திரவத்தில். கந்தக அமிலத்தில் கரைந்த வனேடியம், ஒரு தொட்டியில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே, மற்றதில் நான்குக்கும் ஐந்துக்கும் இடையே தன் ஆக்சிஜனேற்ற நிலையை மாற்றிக்கொள்கிறது. ஊதா, பச்சை, நீலம், மஞ்சள் என நான்கு நிலைகளுக்கும் நான்கு நிறங்கள். கார்பன் அந்த வினையில் செலவாவதில்லை. அது எலக்ட்ரான் கைமாறும் இடம் மட்டுமே. அதனால்தான் எத்தனை மணி நேரம் மின்சாரம் வேண்டும் என்பதைத் தொட்டியின் கொள்ளளவும், ஒரே நேரத்தில் எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதை மின்முனையின் பரப்பும் தனித்தனியே தீர்மானிக்கின்றன.

அந்தப் பரப்பை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபெல்ட்டில் நூற்றுக்கு 94 பங்கு வெற்றிடம் என்று வைத்துக்கொள்வோம், இழையின் விட்டம் 10 மைக்ரோமீட்டர், தடிமன் 4 மில்லிமீட்டர். இவை வழக்கமாகக் காணப்படும் அளவுகள்தான். ஒரு சதுர சென்டிமீட்டர் ஃபெல்ட்டை வெட்டி எடுத்தால் அதில் உண்மையான கார்பன் 0.024 கன சென்டிமீட்டர் மட்டுமே. ஆனால் அந்தச் சிட்டிகை கார்பன் நூலாக நீண்டிருக்கும் தூரம் ஏறக்குறைய 300 மீட்டர்! அந்த நூலின் மேற்பரப்பைக் கூட்டினால் 100 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது வெறும் தட்டையான தகட்டை வைப்பதைவிட நூறு மடங்கு பரப்பு, அதே விரல்நகம் அளவு இடத்தில் கிடைக்கிறது. திரவம் புகுந்து வெளியேற முழு வழியும் திறந்தே இருக்கிறது.

சரி, உலோகத்தில் வலை பின்னி வைத்தால் என்ன? இதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டார்கள். 1980களின் நடுவில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கில்லாஸ்-கசாகோஸும் அவருடைய குழுவினரும் வனேடியம் மின்கலத்தை உருவாக்கிய காலத்தில் தங்கம், ஈயம், டைட்டானியம், பிளாட்டினம் பூசிய டைட்டானியம், இரிடியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் ஆகியவற்றைச் சோதித்திருக்கிறார்கள். ஈயமும் டைட்டானியமும் தங்கள் மேல் மின்சாரம் கடக்காத படலத்தை உண்டாக்கிக்கொண்டன. பிளாட்டினமும் இரிடியமும் வேலை செய்தன. ஆனால் அந்த விலையில் தொட்டி தொட்டியாகச் சேமிக்கும் மின்கலத்தை யாரும் கட்ட முடியாது.

விலையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வனேடியம் மின்கலத்தின் எதிர் பக்கத்தில், அதாவது வனேடியம் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே மாறும் எதிர்மின் பக்கத்தில், வினை நடக்கும் மின்னழுத்தம் -0.26 வோல்ட். அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனி வாயுவாக மாறும் மின்னழுத்தம் பூஜ்யம். வெப்ப இயக்கவியல் கணக்கின்படி, சார்ஜ் செய்யும்போது வனேடியம் மாறுவதற்கு முன்பே ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பியிருக்க வேண்டும். பிளாட்டினம் இருந்தால் அப்படித்தான் நடக்கும். அது ஹைட்ரஜனை உண்டாக்குவதில் மிகக் கெட்டிக்கார உலோகம். கார்பன் இந்த வேலையில் படுமந்தம். ஹைட்ரஜனை வெளியே விடக் கார்பனுக்குக் கூடுதல் மின்னழுத்தம் நிறையத் தேவைப்படுகிறது. அந்த மந்தத்தின் நிழலில்தான் வனேடியம் வினை நிம்மதியாக நடக்கிறது. நல்ல வினையூக்கியாக இருக்கும் உலோகங்கள் இங்கே தோற்க, கார்பன் ஜெயிப்பது இதனால்தான். எதிர் பக்கத்துக்குப் புதிய பூச்சு ஒன்றை யாராவது முன்வைத்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: வனேடியத்தை வேகப்படுத்தும்போது ஹைட்ரஜனையும் சேர்த்து வேகப்படுத்துகிறதா? திரவத்தில் இரும்பு, நிக்கல் போன்றவை துளி அசுத்தமாகக் கலந்தாலே கவலைப்படுவதும் இதே காரணத்தால்தான்.

நேர் பக்கத்தில், அதாவது வனேடியம் நான்குக்கும் ஐந்துக்கும் இடையே மாறும் நேர்மின் பக்கத்தில், சிக்கல் வேறு மாதிரி. அங்கே மின்னழுத்தம் 1.00 வோல்ட்டை ஒட்டி இருக்கிறது, சார்ஜ் முடியும் நேரத்தில் இன்னும் மேலே ஏறும். கார்பன் கார்பன் டை ஆக்சைடாக மாறத் தேவையான மின்னழுத்தம் 0.21 வோல்ட் மட்டுமே. அதாவது அந்தப் பக்கத்து ஃபெல்ட் எந்நேரமும் அரிபடக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. அறை வெப்பநிலையில் அந்த அரிப்பு மிக மெதுவாக நடப்பதால் பல ஆண்டுகள் தாங்குகிறது. ஆனால் அளவுக்கு மீறி சார்ஜ் செய்தால் இழை அரிபட்டு மெலியும், வாயு வரும். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் கார்பன் டை ஆக்சைடு. இந்த இரண்டு மெதுவான தீய வினைகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் முழு மின்கலமும் பிழைக்கிறது.

<b>வெள்ளை நூல் கரியாகும் கதை</b>

ஃபெல்ட்டின் மூலப்பொருள் பெரும்பாலும் பாலிஅக்ரிலோநைட்ரைல், அதாவது அக்ரிலிக் துணி நெய்யும் அதே குடும்பத்து நூல். மரக்கூழிலிருந்து வரும் ரேயான் நூலும் பயன்படுகிறது. அக்ரிலிக் நூலை முதலில் காற்றில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸில் நிதானமாகச் சுடுகிறார்கள். வெள்ளை நூல் மஞ்சளாகி, பழுப்பாகி, கறுப்பாகிறது. இந்தக் கட்டத்தில் மூலக்கூறுச் சங்கிலிகள் வளையங்களாகப் பிணைந்துகொள்வதால்தான் அடுத்த சூட்டில் நூல் உருகாமல் தப்பிக்கிறது. பல முட்களுள்ள ஊசிகளால் குத்திக் குத்தி இழைகளை ஒன்றோடொன்று சிக்க வைத்து ஃபெல்ட்டாக்குவார்கள்; பசை எதுவும் தேவையில்லை. பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் சூடு. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் வாயுக்களாகப் பிரிந்து போக, கார்பன் மிஞ்சுகிறது. இதுவே கார்பன் ஃபெல்ட் என்று விற்பனைக்கு வரும் பொருள். 2000 டிகிரிக்கும் மேலே கொண்டுபோனால் அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு கிராஃபைட் ஃபெல்ட்டாகிறது.

இந்த கடைசிச் சூட்டை எவ்வளவு கொடுப்பது என்பதில் ஒரு பேரம் இருக்கிறது. சூடு கூடினால் மின்சாரம் நன்றாகக் கடக்கும், அரிப்பையும் தாங்கும். ஆனால் கிராஃபைட் அடுக்குகளின் ஓரங்களில்தான் வினைக்குத் தோதான அணுக்கள் உள்ளன; அடுக்குகள் பெரிதாகி ஒழுங்குபட்டால் அந்த ஓரங்கள் குறைந்துவிடும். ஒழுங்கான கிராஃபைட்டின் தட்டையான முகம் வனேடியத்தைக் கண்டுகொள்வதே இல்லை என்று சொல்லலாம்.

உலையிலிருந்து வந்த ஃபெல்ட்டை அப்படியே எடுத்து அதன்மேல் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி உருண்டையாக மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது. மேலே கணக்குப் போட்ட நூறு மடங்கு பரப்பில் எவ்வளவு திரவத்தைத் தொடுகிறது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. 1992இல் ஸ்கில்லாஸ்-கசாகோஸ் குழு வெளியிட்ட முடிவு இதற்கு எளிய வழியைக் காட்டியது: ஃபெல்ட்டைக் காற்றில் 400 டிகிரி செல்சியஸில் 30 மணி நேரம் வைத்தால் போதும். அவர்கள் செல்லின் ஆற்றல் திறன் 78 சதவீதத்திலிருந்து 88 சதவீதமாக ஏறியது. அதே ஆண்டில் அடர் கந்தக அமிலத்தில் ஃபெல்ட்டைக் கொதிக்க வைக்கும் முறையையும் வெளியிட்டார்கள். விலை உயர்ந்த பொருள் எதுவும் சேர்க்காமல், வெறும் சூட்டில் பத்து சதவீதப் புள்ளிகள்! இந்தத் துறையில் அதற்குப் பிறகு வந்த எத்தனையோ நுட்பமான மாற்றங்கள் இந்த அடுப்புச் சூட்டோடு ஒப்பிட்டுத்தான் தங்களை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இப்போது ஆய்வகங்களில் 400 முதல் 500 டிகிரியில் சில மணி நேரம் வைப்பது வழக்கம். சூடு அதிகமானாலோ நேரம் நீண்டாலோ கார்பன் எரிந்து எடை குறையும், இழை பலமிழந்து பொடியும்.

<b>ஆக்சிஜன் உதவுகிறதா?</b>

காற்றில் சுட்ட இழையின் மேல் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்கிறது: ஹைட்ராக்சில், கார்பனைல், கார்பாக்சில் குழுக்களாக. 1992இல் முன்வைத்த விளக்கம் இப்படி: வனேடியம் அயனி ஹைட்ராக்சில் குழுவில் உள்ள ஹைட்ரஜனை விரட்டிவிட்டு ஆக்சிஜன் வழியாக இழையோடு பிணைகிறது, அந்தப் பாலத்தின் வழியே எலக்ட்ரான் கைமாறுகிறது, பிறகு அயனி கழன்று திரவத்துக்குப் போகிறது. கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. நேர் பக்கத்து வினையில் ஆக்சிஜன் அணு ஒன்று இடம்மாற வேண்டியிருப்பதால் மேலும் பொருத்தமாகத் தோன்றுகிறது. பல கட்டுரைகள் இன்றும் இந்த விளக்கத்தை மறுகேள்வி இல்லாமல் எடுத்தாள்கின்றன.

ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. சுட்ட ஃபெல்ட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மாறுகின்றன: மேற்பரப்பின் வேதியியல், திரவம் தொடும் பரப்பளவு. மின்னோட்டம் இரட்டிப்பானால் எதற்குப் பாராட்டு? 2013இல் நானோகுழாய்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், நனைந்த பரப்பைத் தனியே அளந்து அதனால் வகுத்துப் பார்த்தார்கள். நேர் பக்கத்து வினையை ஆக்சிஜன் குழுக்கள் ஊக்குவிக்கவில்லை என்பதே விடை. அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். ஒரே கார்பன் மின்முனையை ஒரு முறை நேர் மின்னழுத்தத்திலும் மறுமுறை எதிர் மின்னழுத்தத்திலும் சிறிது நேரம் வைத்துவிட்டு வினையின் வேகத்தை அளந்தார்கள். மேற்பரப்பை ஆக்சிஜனேற்றும் நேர் மின்னழுத்தம், எதிர் பக்கத்து வினையை வேகப்படுத்தியது. நேர் பக்கத்து வினையையோ மந்தமாக்கியது. மேற்பரப்பை ஒடுக்கும், அதாவது அதிலிருந்து ஆக்சிஜனை நீக்கும், எதிர் மின்னழுத்தத்தில் இது அப்படியே தலைகீழ்.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓடும் மின்கலத்தில் நேர் பக்கத்து ஃபெல்ட் எப்போதும் ஆக்சிஜனேற்றும் சூழலில் இருக்கிறது. தனக்கு ஆகாத மேற்பரப்பை அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. எதிர் பக்கத்து ஃபெல்ட் எப்போதும் ஒடுக்கும் சூழலில். ஆக்சிஜன் இருந்தால் நல்லது என்ற இடத்தில் அது ஆக்சிஜனை இழந்துகொண்டே போகிறது. ஒரே ஃபெல்ட்டை, ஒரே அடுப்பில், ஒரே சூட்டில் பக்குவப்படுத்தி இரண்டு பக்கமும் வைப்பது வேதியியலின்படி சரியான காரியம் அல்ல. இரண்டு பக்கத்துக்கும் தேவை வெவ்வேறு. என் பார்வையில், கடந்த இருபது ஆண்டு மின்முனை ஆய்வில் கிடைத்த மிக மதிப்புள்ள செய்தி இதுதான். எந்தப் புதுப் பொருளையும்விட.

குறிப்பு மின்முனையை (ஒப்பிட்டு அளப்பதற்கான, மின்னழுத்தம் மாறாத மின்முனை) செல்லுக்குள் வைத்து இரண்டு பக்கத்து இழப்புகளையும் தனித்தனியே அளந்தவர்களில் பெரும்பாலோர் கண்டதும் எதிர் பக்கம்தான் பின்தங்குகிறது என்பதை. நேர் பக்கம் ஆக்சிஜன் அணுவை இடம்மாற்ற வேண்டிய சிக்கலான வினை, அதுதான் மெதுவாக இருக்கும் என்று பாடப்புத்தகத்தை வைத்து எதிர்பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம். ஃபெல்ட் பழசாகும்போதும் முதலில் அடி வாங்குவது எதிர் பக்கமே.

<b>மின்தடையைப் பாதியாக்கினால்</b>

இந்த இழப்புகள் ஏன் இவ்வளவு முக்கியம்? செல்லின் மின்னழுத்தம் 1.35 வோல்ட் என்று வைப்போம். வினையின் மந்தம், பொருள்களின் மின்தடை, அயனிகள் இழைவரை வந்து சேரும் தாமதம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 ஓம் என்று எடுத்துக்கொண்டால், 100 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தில் 0.1 வோல்ட் போய்விடுகிறது. சார்ஜ் செய்யும்போது 1.45 வோல்ட் கொடுக்க வேண்டும், திரும்ப எடுக்கும்போது 1.25 தான் கிடைக்கும்: 86 சதவீதம். இதே செல்லை 200 மில்லிஆம்பியரில் ஓட்டினால் 74 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மாறாக, மின்முனையைச் சீராக்கி அந்த 1 ஓமை அரை ஓமாக்கினால், 200 மில்லிஆம்பியரிலும் 86 சதவீதமே கிடைக்கும். அதே மின்திறனுக்குப் பாதி செல் போதும். பாதி சவ்வு, பாதி ஃபெல்ட், பாதி தகடு. சவ்வு விலை அதிகமான பொருள் என்பதால், மின்முனையில் செய்யும் சீர்திருத்தத்தின் லாபம் முக்கியமாகச் சவ்வுச் செலவில்தான் தெரியும்.

எவ்வளவு ஃபெல்ட் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கும் ஒரு அளவு சொல்லிவிடுகிறேன். சீனாவின் டாலியனில் 2022இல் மின்கட்டமைப்போடு இணைந்த வனேடியம் நிலையம் 100 மெகாவாட், 400 மெகாவாட் மணி. 100 மெகாவாட்டை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிஆம்பியர், 1.25 வோல்ட் என்ற மேற்கண்ட கணக்கில் எடுத்தால் 80,000 சதுர மீட்டர் செல் பரப்பு வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக ஃபெல்ட் 1,60,000 சதுர மீட்டர், ஏறக்குறைய நாற்பது ஏக்கர். டாலியனில் உள்ள செல்கள் இதே மின்னோட்டத்தில்தான் ஓடுகின்றன என்று சொல்லவில்லை. அந்த அளவு நிலையத்துக்கு ஆகும் துணியின் பரிமாணம் இது. நாற்பது ஏக்கர் பொருளில் கிராமுக்குக் கணக்குப் பார்த்து வாங்க வேண்டிய பூச்சுகளைத் தடவ முடியாது. ஆய்வகத்தில் ஐந்து சதுர சென்டிமீட்டர் துண்டில் அழகாக வேலை செய்த பல யோசனைகள் இந்த எண்ணிடம் வந்து நின்றுவிடுகின்றன.

<b>திரவத்துக்கு வழி</b>

இனி இரண்டாவது வேலைக்கு வருவோம். பரப்பு கூட வேண்டுமானால் இழையை மெல்லியதாக்கலாமே என்று தோன்றும். இழையின் விட்டத்தைப் பாதியாக்கி, வெற்றிட அளவை அப்படியே வைத்தால், பரப்பு இரட்டிப்பாகும். ஆனால் திரவம் ஊடுருவும் எளிமை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது கால் பங்காகச் சுருங்கிவிடும். அதே வேகத்தில் திரவத்தைத் தள்ள நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். பம்ப் தின்னும் மின்சாரம் மின்கலத்தின் கணக்கிலிருந்துதான் போகிறது. ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டத்தில், மின்புலத்தால் இழுத்து நூற்கும் நானோ இழைகளில் பரப்பு ஏராளம். தனியே அவற்றை மட்டும் வைத்துச் செய்த மின்முனை வழியே கெட்டியான அமிலத்தைத் தள்ளுவது பெரும்பாடு.

தடிமனும் இதே போன்ற இழுபறி. ஃபெல்ட் தடிமனாக இருந்தால் திரவம் தாராளமாக ஓடும், பரப்பும் அதிகம். ஆனால் அயனிகள் சவ்விலிருந்து தகடுவரை உள்ள அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டும், மின்தடை ஏறும். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இதற்கு வேறு விடை கண்டது. தடித்த ஃபெல்ட்டை எடுத்துவிட்டு, எரிபொருள் கலங்களில் பயன்படும் கார்பன் தாளை வைத்தார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள அந்தத் தாளைச் சவ்வோடும் தகட்டோடும் இடைவெளியில்லாமல் அழுத்தி, திரவம் ஓடுவதற்குத் தகட்டிலேயே வாய்க்கால்கள் செதுக்கினார்கள். 2012இல் வெளியான முடிவில் உச்ச மின்திறன் சதுர சென்டிமீட்டருக்கு 557 மில்லிவாட். அக்காலத்து வழக்கமான செல்களோடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல். கவனிக்க வேண்டியது, இங்கே புதுக் கார்பன் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த கார்பனை வைத்த விதம்தான் மாறியது.

தாள் வந்ததும் ஃபெல்ட் போய்விட்டதா என்றால், இல்லை. வாய்க்கால் வெட்டிய தகடு செய்யச் செலவு அதிகம். பெரிய செல்லில் ஓரிடம் அழுத்தமாகவும் இன்னோர் இடம் தளர்வாகவும் அமைந்துவிட்டால் தாள் அதைத் தாங்கிக்கொள்வதில்லை. மெத்தென்ற ஃபெல்ட் அமுங்கிக்கொடுத்து எல்லா இடத்திலும் தகட்டைத் தொடுகிறது. ஃபெல்ட்டை அதன் தடிமனில் இருபது முப்பது சதவீதம் அமுக்கிப் பொருத்துவது வழக்கம். இன்னும் அமுக்கினால் தகட்டோடு தொடுமிடத்தின் மின்தடை மேலும் குறையும்தான், ஆனால் வெற்றிடம் சுருங்கி பம்ப் திணறும். இழைகள் முறிந்து சவ்வைக் குத்தவும் செய்யலாம்.

நெய்த கார்பன் துணிக்கு இந்த இடத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. நூலுக்கும் நூலுக்கும் இடையே பெரிய துளைகள், நூலுக்குள்ளே இழைக்கும் இழைக்கும் இடையே சிறிய துளைகள். பெரியவற்றின் வழியே திரவம் சிரமமின்றி ஓடுகிறது, சிறியவற்றில் வினைக்கான பரப்பு கிடைக்கிறது. இரண்டு வேலைகளையும் இரண்டு வகைத் துளைகளிடம் பிரித்துக் கொடுத்துவிட்டதால், ஒன்றைப் பெற மற்றதை இழக்கும் நிலை ஓரளவு தளர்கிறது. பாலிமர் கரைசலை நீரில் முக்கி, அது பிரிந்து பஞ்சாக உறையும்போது துளைகளின் அளவைத் திட்டமிட்டு உருவாக்கி, பிறகு கரியாக்கும் முறையும் இதே எண்ணத்தில் வளர்கிறது. இழை என்ற வடிவத்தையே விட்டு வெளியே வரும் முயற்சி என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

நானோ பொருள்கள் பற்றி ஒரு வார்த்தை. கிராமுக்கு நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு என்று வரும் எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அது வாயுவை உறிஞ்ச வைத்து அளந்த பரப்பு. நைட்ரஜன் மூலக்கூறு நுழையும் நுண்துளைக்குள், நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த வனேடியம் அயனி நுழைந்து, வினை முடித்து, வெளியே வந்து அடுத்ததற்கு இடம் விட வேண்டும். பல துளைகளில் இது நடப்பதில்லை. அப்புறம், பசையால் ஒட்டிய நானோ துகள்கள் ஓடும் அமிலத்தில் கழுவிப் போகும் அபாயமும் உண்டு. நீர்த்த கரைசலில், அசையாத திரவத்தில், சில சுற்றுகள் அளந்த வளைகோடு அழகாக இருப்பது ஒரு நல்ல தொடக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எந்த மின்னோட்டத்தில், எவ்வளவு பம்ப் அழுத்தத்தில், எத்தனை நூறு சுற்றுகளுக்குப் பிறகு என்ற விவரம் சேர்ந்தால்தான் அது மின்முனை பற்றிய செய்தியாகும்.

வனேடியத்தை விட்டு வெளியே வந்தால் கார்பன் மேலான எதிர்பார்ப்பு மாறுகிறது. 1970களில் அமெரிக்காவின் நாசா ஆராய்ந்த இரும்பு-குரோமியம் மின்கலத்தில் இரும்பு கார்பன் மேல் சட்டென்று வினைபுரிந்தது, குரோமியமோ நகரவே மறுத்தது. கார்பன் ஃபெல்ட் மேல் சிறிதளவு தங்கமும் ஈயமும் படிய வைத்துத்தான் அதை ஓட்டினார்கள். இதற்கு நேர்மாறாக, 2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அறிவித்த குயினோன் மின்கலத்தில் அந்தக் கரிம மூலக்கூறு வெறும் கார்பன் மேலேயே, வினையூக்கி எதுவும் இல்லாமல், வேகமாக வினைபுரிந்தது. அத்தகைய திரவத்துக்கு மேற்பரப்பின் வேதியியல் பெரிய கவலை இல்லை. நனைவதும் ஓட்டமும்தான் கவலை. துத்தநாக-புரோமின் மின்கலத்தில் துத்தநாகம் மின்முனை மேலேயே உலோகமாகப் படிவதால், அங்கே மின்முனை ஆற்றலைச் சேமிக்கும் இடமாகவும் ஆகிவிடுகிறது.

மீண்டும் வனேடியத்தின் எதிர் பக்கத்துக்கு வருகிறேன், அங்கேதான் இன்றைய உண்மையான தேர்வு காத்திருக்கிறது. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் 2013இல் காட்டிய வழி பிஸ்மத். விலை அதிகமில்லாத உலோகம், ஹைட்ரஜனை உண்டாக்குவதில் கார்பனைப் போலவே மந்தம், வனேடியம் வினையையோ வேகப்படுத்துகிறது. திரவத்தில் சிறிதளவு பிஸ்மத் அயனியைக் கலந்துவிட்டால் போதும். சார்ஜ் செய்யும்போது அதுவே எதிர் பக்கத்து இழைகள் மேல் நானோ துகள்களாகப் படிகிறது. நாற்பது ஏக்கர் துணிக்குத் தனியே பூச்சுப் பூசும் வேலை மிச்சம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எதிர் பக்கத்து ஃபெல்ட் ஆக்சிஜனை இழந்து மந்தமாவதுதான் சிக்கல் என்றால், சில காலத்துக்கு ஒரு முறை மின்கலத்தின் முனைகளை மாற்றி ஓட்டலாம். எதிராக இருந்தது நேராகி ஆக்சிஜனேற்றம் அடையும், அதன் சுறுசுறுப்பு திரும்பும். செல்லைக் கழற்ற வேண்டாம், புதுப் பொருள் வேண்டாம். சோதனைகளில் இது பலன் தருகிறது. ஆனால் இரண்டு வழிகளையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள முடியாது. பிஸ்மத் உலோகமாக நிலைத்திருப்பது எதிர் பக்கத்து மின்னழுத்தத்தில் மட்டுமே. முனையை மாற்றிய உடனே அது கரைந்து திரவத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏற்பத் தனித்தனியே பக்குவப்படுத்திய மின்முனைகளை வைத்தாலும் இதே நிலைமைதான்: முனை மாற்றினால் இரண்டுமே தவறான பக்கத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே ஃபெல்ட்டை வைப்பது வேதியியலின்படி சரியல்ல என்று மேலே எழுதினேன். ஆனால் அப்படி இரண்டும் ஒரே ஃபெல்ட்டாக இருப்பதுதான் முனைகளை மாற்றிப்போட்டு மின்கலத்தைப் புதுப்பிக்கும் வசதியையும் தருகிறது. தொடக்கத்திலேயே அதிக மின்திறனா, இருபது ஆண்டு ஓட்டத்தில் எளிய பராமரிப்பா என்பதை ஒவ்வொரு நிலையத்தைக் கட்டுபவரும் ஃபெல்ட்டை வாங்கும் நாளிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.